‘அன்ஃபிட்’ என்று எழுதிவிட்டால் அரசு வேலை போய்விடுமா?

அரசு பஸ் டிரைவர் ஒருவருக்கு விபத்தில் கால் போய்விடுகிறது, அல்லது கண் பரிசோதனையில் நிறக்குறைபாடு என்று வருகிறது. மெடிக்கல் போர்டு ‘அன்ஃபிட்’ என்று எழுதியதும் வேலை அவ்வளவுதான் என்று வீட்டில் எல்லோரும் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரம் பார்த்து யாராவது விருப்ப ஓய்வுத் தாளை நீட்டினால் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 20(4). பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்ட ஊழியரை அரசு நிறுவனம் வேலையிலிருந்து அனுப்பக் கூடாது, பதவியையும் குறைக்கக் கூடாது. பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில், அதே பணிப்பலன்களோடு வேறு வேலை தர வேண்டும். சரி, காலியிடமே இல்லை என்றால்? ஆபீஸில் முதலில் சொல்வது இதைத்தான். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்: கூடுதலாக ஒரு பணியிடத்தை உருவாக்கி, பொருத்தமான இடம் கிடைக்கும் வரையோ ஓய்வு வயது வரையோ, எது முந்துகிறதோ அதுவரை, அதில் வைத்திருக்க வேண்டும். டூட்டியில் அடிபட்டதா, லீவில் மாடிப்படியில் விழுந்ததா என்று இந்தப் பிரிவு பிரித்துப் பார்ப்பதில்லை.

“அதான் பென்ஷன் வருதே” என்ற பேச்சும் எடுபடாது. இதற்கு முன்பிருந்த 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலேயே இதே பாதுகாப்பு பிரிவு 47ஆக இருந்தது. கால் இழந்த கான்ஸ்டபிள் ஒருவரின் வழக்கில், ஊன ஓய்வூதியம் கிடைக்கிறது என்பதற்காக அந்தப் பாதுகாப்பை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2003லேயே சொல்லிவிட்டது.

அரசுத் துறை, உள்ளாட்சி, பொதுத்துறை நிறுவனம், அரசு உதவி பெறும் அமைப்பு எல்லாம், அரசு அறிவிக்கை மூலம் விலக்கு அளித்தவை தவிர, இதில் அடங்கும். தனியார் கம்பெனிக்காரர்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்பதுதான் பெரிய ஓட்டை.

வாய்மொழியாக லைட் டூட்டி கேட்டுக்கொண்டு அலையாமல், ‘பிரிவு 20(4)ன்படி மாற்றுப் பணி கோருகிறேன்’ என்று ஒரே பக்கத்தில் எழுதி, மெடிக்கல் போர்டு சான்றின் நகலை இணைத்துக் கொடுங்கள். உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள், சீல் போட மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள். பதிலே வராவிட்டால் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் புகார் செய்யலாம், பதிவான 2 வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும். அப்புறம் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார், மத்திய அரசு ஊழியர் என்றால் தலைமை ஆணையர். கடைசியாக உயர் நீதிமன்றம்.

மாற்றுப் பணி ஆர்டர் கைக்கு வந்ததும் பழைய பே ஸ்லிப்பைப் பக்கத்தில் வைத்து அடிப்படைச் சம்பளத்தையும் இன்கிரிமென்ட் தேதியையும் ஒத்துப் பாருங்கள். ‘புதிய நியமனம்’ என்று போட்டுச் சம்பளத்தைக் குறைத்திருந்தால், வேலையில் சேரும்போதே ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.