மாதாவின் முகம் ஏன் பச்சை?

ஃப்ளாரன்ஸ் நகரத்து உஃபிஸி காட்சிக்கூடத்துக்குச் சின்னப் பிள்ளைகளோடு போனால், ஆரம்ப அறைகளிலேயே இந்தக் கேள்வி வந்துவிடும்: “மாதாவுக்கு ஏன் முகம் பச்சையா இருக்கு? உடம்பு சரியில்லையா?”

பெரியவர்களுக்கும் அது கண்ணில் படத்தான் செய்யும், கேட்கக் கூச்சம். கைடும் அதில் நின்று பேச மாட்டார். அவருக்கு மெடிச்சி குடும்பத்தின் கதையைச் சொல்லி முடித்து, நேரத்துக்குள் உங்களைப் போத்திசெல்லியின் வீனஸ் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும். அவர் சொல்வதெல்லாம் நல்ல கதைகள்தான். ஆனால் அந்தச் சுவர்களில் இன்னொரு கதையும் அறை அறையாக ஓடுகிறது. நிறப்பொடியைப் பலகையில் ஒட்டவைக்கும் பசை, முட்டையிலிருந்து எண்ணெய்க்கு மாறிய கதை. மறுமலர்ச்சி ஓவியம் என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் மென்மையிலும் ஆழத்திலும் பாதி அந்தப் பசையின் வேலை என்பது என் கட்சி.

சரி, முதலில் பச்சை. ஒரே அறையில் மூன்று பிரம்மாண்டமான மாதா படங்கள் இருக்கின்றன. சிமாபுவே வரைந்தது ஒன்று. 1285-ல் ஒப்பந்தம் எழுதி துச்சோ வரைந்தது ஒன்று, நாலரை மீட்டர் உயரம். அப்புறம் 1300-க்குப் பிறகு சில ஆண்டுகளுக்குள் ஜியோத்தோ வரைந்தது. மூன்றுமே முட்டை மஞ்சள் கருவில் நிறப்பொடியைக் குழைத்துப் பூசியவை. அந்தக் காலத்துத் தொழில்முறையை 1400 வாக்கில் சென்னினோ சென்னினி என்ற ஓவியர் சமையல் குறிப்பு மாதிரி எழுதி வைத்திருக்கிறார். முகம் வரைவதற்கு முன்னால் அந்த இடம் முழுக்கப் பச்சை மண்ணைப் பூசு என்கிறார். அதன்மேல்தான் இளஞ்சிவப்பு. நிழல் விழும் இடங்களில் மட்டும் சிவப்பை மெல்லிசாக விட்டுவிட வேண்டும், அடியிலிருக்கும் பச்சை லேசாக எட்டிப்பார்க்கும்.

பச்சையும் சிவப்பும் ஒன்றுக்கொன்று எதிர் நிறங்கள். பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்று மற்றதைத் தூக்கிக் காட்டும். பச்சைக்கு மேல் இழுத்த ரோஸ் கீற்றுகள், வெள்ளைக்கு மேல் இழுத்ததைவிட உயிருள்ள தோல் போலத் தெரியும். கணக்கு சரிதான். ஆனால் எழுநூறு வருஷத்துக் காற்றும் வெளிச்சமும், நல்லது செய்வதாக நினைத்துத் தேய்த்துத் துடைத்த பழைய கைகளும் அந்த மெல்லிய மேல் பூச்சைக் கரைத்துவிட்டன. அடி மண் வெளியே வந்துவிட்டது. மாதா நோயாளியாகத் தெரிவது அதனால்தான்.

சென்னினியின் இன்னொரு குறிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். இளையவர்களின் முகத்துக்கு நகரத்துக் கோழியின் முட்டையை எடு, அதன் கரு வெளிறியிருக்கும். வயசானவர்களுக்கும் கறுத்த தோலுக்கும் கிராமத்துக் கோழியின் சிவந்த கரு போதும் என்கிறார். நாட்டுக்கோழி முட்டையை உடைத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முட்டைக் கரு நல்ல பசை. அதில் ஏறக்குறைய பாதி தண்ணீர், மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, மிச்சம் பெரும்பாலும் புரதம். தண்ணீர் ஆவியானதும் மற்ற இரண்டும் சேர்ந்து இறுகிவிடும். காலையில் முட்டை சாப்பிட்ட தட்டைச் சாயங்காலம் கழுவியவர்களுக்கு அந்த இறுக்கம் தெரியும். தொல்லை என்னவென்றால், அது இறுகும் வேகம். தூரிகை பட்டு ஒரு நிமிஷம் ஆவதற்குள் காய்ந்துவிடும். ஈரமாக இருக்கும்போதே இரண்டு நிறங்களை ஒன்றோடொன்று இழைத்துவிட நேரமில்லை. அதனால் நிழலை மயிரிழைக் கோடுகளாக, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, ஆயிரக்கணக்கில் இழுக்க வேண்டும். கயிறு அனுமதிக்கும் தூரத்தில் நின்று கன்னத்தைப் பாருங்கள், அந்தக் கோடுகள் தெரியும்.

அதே அறையில் செய்து பார்க்க வேண்டிய இன்னொரு காரியம்: கொஞ்சம் குனிந்து எழுந்திருங்கள். தங்கப் பின்புலம் ஒரு கோணத்தில் பளீரென்றும், ஒரு கோணத்தில் ஏறக்குறையக் கறுப்பாகவும் மாறும். பலகைமேல் ஜிப்சமும் தோல் பசையும் சேர்ந்த வெள்ளைப் பூச்சு, அதன்மேல் சிவந்த களிமண், அதன்மேல் தங்கத் தாள். ஒட்டியதும் நாயின் பல்லாலோ வழவழப்பான கல்லாலோ தேய்த்து மெருகேற்றுவார்கள். மெருகேறிய தங்கம் கண்ணாடி மாதிரி: விழுந்த ஒளியை ஒரே திசையில் திருப்பி அனுப்பும். நீங்கள் அந்தத் திசையில் இல்லாவிட்டால் உங்களுக்கு இருட்டுதான். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். புனிதர்களின் தலையைச் சுற்றியுள்ள ஒளிவட்டத்தில் சின்னச் சின்ன உளி முனைகளால் குத்திக் குழிகள் போட்டார்கள். ஒவ்வொரு குழியும் ஒரு குட்டி வளைவுக் கண்ணாடி. நீங்கள் எங்கே நின்றாலும் அவற்றில் சில உங்கள் பக்கம் ஒளியைத் திருப்பும். கோயில் மெழுகுவர்த்திச் சுடர் ஆடும்போது அந்த வட்டம் மினுங்கும், சுற்றியுள்ள தங்கம் அமைதியாகக் கிடக்கும். காட்சிக்கூடத்தின் அசையாத விளக்கில் அந்த விளையாட்டு போய்விட்டது. அதனால் நாமே குனிந்து நிமிர வேண்டியிருக்கிறது.

தங்கத்தில் சிக்கனம் பிடிப்பவர்களையும் சென்னினி விடவில்லை. ஒரு டுகாட் காசிலிருந்து 145 தாள் அடிக்கிறார்கள், பின்புலத்துக்கு 100-க்கு மேல் அடிக்கக் கூடாது என்று கடிந்துகொள்கிறார்.

இனி ஒரு நூற்றைம்பது வருஷத்தைத் தாண்டி லியோனார்டோ டா வின்சியின் அறைக்குப் போவோம். வழியில் ஒரு புள்ளியில் குவியும் கோடுகளைப் பற்றிக் கைடு பேசியிருப்பார். அது வடிவியல், பள்ளிக்கூடத்திலேயே பாதி படித்தாயிற்று. மேரிக்குக் குழந்தை பிறக்கப்போவதைத் தேவதூதன் வந்து சொல்லும் காட்சியை, ‘மங்கள வார்த்தை’ என்று லியோனார்டோ இருபது வயசு வாக்கில் வரைந்த படத்தில் மட்டும் ஒரு கணம் நிற்கலாம். மேரியின் வலது கை புத்தகத்தை எட்டுவதற்காக இழுத்துவிட்டது போல நீளமாக இருக்கும். பையன் தப்புப் பண்ணிவிட்டான் என்பது ஒரு கருத்து. கோயிலில் வலப் பக்கத்திலிருந்து பார்ப்பதற்காக வரைந்தது என்பது இன்னொன்று. வலது பக்கமாக நகர்ந்து, சாய்வாகப் பாருங்கள்: கை சுருங்கும்.

நான் நேரம் செலவழிக்கச் சொல்வது இதே அறையிலுள்ள ‘கிறிஸ்துவின் ஞானஸ்நானம்’ படத்தின் முன்னால். வெரோக்கியோவின் பட்டறையில் 1470-களில் உருவானது. அதன் இடது ஓரத்தில் முழங்காலிட்டிருக்கும் தேவதூதனை வரைந்தது அவருடைய மாணவன் லியோனார்டோ. அதைப் பார்த்த குரு, “சின்னப் பையன் என்னைத் தோற்கடித்துவிட்டான்” என்று அதற்கப்புறம் நிறத்தையே தொடவில்லையாம். இந்தக் கதையை எழுதி வைத்தவர் ஜியோர்ஜியோ வசாரி. நீங்கள் நிற்கிற கட்டடத்துக்கு 1560-ல் வரைபடம் போட்டவரும் அவரேதான். அரசு அலுவலகங்களுக்காகக் கட்டியது, ‘உஃபிஸி’ என்றாலே அலுவலகங்கள் என்றுதான் அர்த்தம். கதை கட்டுவதிலும் கெட்டிக்காரர், எனவே முழுசாக நம்பிவிடக் கூடாது.

ஆனால் படத்தில் வித்தியாசம் இருப்பது உண்மை. ஞானஸ்நானம் கொடுக்கும் யோவானைப் பாருங்கள், அது வெரோக்கியோ வரைந்தது: எலும்பு, நரம்பு, கூர்மையான விளிம்பு. தேவதூதனின் கன்னத்தில் எங்கே வெளிச்சம் முடிந்து எங்கே நிழல் தொடங்குகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. மேதைமை ஒரு காரணம்தான். இன்னொரு காரணம், குரு வேலை செய்தது முட்டையில், மாணவன் வேலை செய்தது எண்ணெயில். ஒரே பலகையில் இரண்டு யுகங்கள்.

எண்ணெய் காய்வது தண்ணீர் காய்வது போல அல்ல. எதுவும் ஆவியாவதில்லை. ஆளி விதை எண்ணெயிலும் அக்ரூட் எண்ணெயிலும் உள்ள கொழுப்பு அமிலங்கள் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு, ஒன்றோடொன்று கைகோத்து வலையாகப் பின்னிக்கொள்கின்றன. அதற்குப் பல நாள் ஆகும். அவ்வளவு நாளும் ஓவியர் நிறத்தை இழைக்கலாம், விரலால்கூட நீவலாம். லியோனார்டோவின் பலகைகளில் அவருடைய விரல் ரேகைகள் கிடைப்பது இதனால்தான்.

காய்ந்த பிறகும் எண்ணெய் ஒரு உபகாரம் செய்கிறது. பஜ்ஜியை வைத்து எடுத்த செய்தித்தாளை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் பட்ட இடத்தில் மட்டும் தாள் கண்ணாடி மாதிரி ஆகி, பின்பக்கத்து எழுத்து தெரியும். தாளின் நார்களுக்கு நடுவில் காற்று இருக்கும்வரை, ஒளி நாருக்கும் காற்றுக்கும் இடையே மாறி மாறிச் சிதறும், அதனால் வெள்ளை. எண்ணெயில் ஒளி வளையும் அளவு நாரில் வளைவதற்குக் கிட்டத்தட்டச் சமம். காற்றின் இடத்தில் எண்ணெய் புகுந்ததும் சிதறல் குறைகிறது, ஒளி உள்ளே போய்விடுகிறது. நிறப்பொடிக்கும் இதுதான் நடக்கிறது. எண்ணெயில் குழைத்த மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினால், ஒளி அவற்றினூடே இறங்கி, அடியிலுள்ள வெள்ளையில் பட்டு, நிறமேறித் திரும்பி வருகிறது. வண்ணக் கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு வைத்த மாதிரி. லூவ்ர் காட்சிக்கூடத்தில் உள்ள லியோனார்டோ படங்களை 2010-ல் எக்ஸ்ரே ஒளிர்வு முறையில் அளந்தபோது, முகங்களில் சில பூச்சுகள் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் கனம்தான் இருந்தன. எல்லாம் சேர்ந்தும் 30, 40 மைக்ரோமீட்டர். ஒரு தலைமயிரின் தடிமனைவிடக் குறைவு.

எண்ணெயை யார் கண்டுபிடித்தது? ஃப்ளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியம் பக்கம்) நாட்டு ஓவியர் யான் வான் ஐக் என்று எழுதினார் வசாரி. அதுவும் தப்பு. ஆப்கானிஸ்தானின் பாமியன் குகைகளில் ஏழாம் நூற்றாண்டு புத்த ஓவியங்களிலேயே காயும் எண்ணெய் இருக்கிறது. அதே ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலைகளிலிருந்துதான் மாதாவின் நீல மேலங்கிக்கான லாபிஸ் லசூலி கல்லும் வந்தது. ஃப்ளாண்டர்ஸ்காரர்கள் செய்தது, எண்ணெயின் சாத்தியத்தைக் கடைசிச் சொட்டுவரை பிழிந்தது. அதற்குச் சாட்சியும் உஃபிஸியில் இருக்கிறது: ஹூகோ வான் டெர் கூஸ் வரைந்து, 1483-ல் கடல் வழியாக வந்து சேர்ந்த போர்ட்டினாரி பலிபீடப் படம். விரித்தால் ஏறக்குறைய ஆறு மீட்டர் அகலம். நான் பார்க்கச் சொல்வது கீழே தரையில் வைத்திருக்கும் ஒரு சின்னக் கண்ணாடி டம்ளரை. உள்ளே தண்ணீர், பூக்காம்புகள், பின்னால் கிடக்கும் வைக்கோல், எல்லாம் கண்ணாடியினூடே தெரிகிறது. முட்டையில் இதைச் செய்ய முயல்வது வீண் பிடிவாதம்.

பிடிவாதம் என்றதும் போத்திசெல்லி நினைவுக்கு வருகிறார். ‘வீனஸின் பிறப்பு’ 1485 வாக்கில் வரைந்தது. எண்ணெய் ஊருக்குள் வந்த பிறகும் அவர் முட்டையை விடவில்லை. அந்தச் சுண்ணாம்பு வெளிச்சமும் கோடு கோடாக ஓடும் கூந்தலும் அதன் பலன். எண்ணெயில் வரைந்திருந்தால் அந்தப் பெண் இவ்வளவு லேசாக மிதந்திருக்க மாட்டாள் என்றுதான் தோன்றுகிறது.

லியோனார்டோ மிலானுக்குக் கிளம்பியதால் பாதியில் நின்ற ‘ஞானிகளின் வணக்கம்’ படத்தில் பழுப்புப் பூச்சுக்கு அடியில் நிறைய ஒளிந்திருக்கிறது. அகச்சிவப்பு ஒளியின் அலைநீளம் அதிகம். நிறப்பொடியின் நுண்துகள்களில் சிதறாமல் உள்ளே போகும். ஆனால் கரியால் போட்ட கோடு அதை விழுங்கிவிடும். எனவே அகச்சிவப்புக் கேமராவில் மேல் பூச்சு மறைந்து, அடியிலுள்ள கரிக்கோடு கறுப்பாக எழும். இடிந்து கிடக்கும் மண்டபத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கும் வேலையாட்கள் இப்படித்தான் தெளிவாக வெளிவந்தார்கள். 2017-ல் முடிந்த சுத்திகரிப்புக்குப் பிறகு வெறுங்கண்ணுக்கே கொஞ்சம் தெரிகிறார்கள்.

எக்ஸ்ரே வேறு மாதிரி. அதைத் தடுப்பது ஈயமும் இரும்பும். ரஃபேல் ஒரு நண்பரின் கல்யாணத்துக்கு வரைந்து கொடுத்த, குருவியோடு குழந்தைகள் விளையாடும் மாதா படத்தை எக்ஸ்ரே எடுத்தபோது படம் முழுக்க வெள்ளை வெள்ளையாக ஆணிகள். 1547-ல் அந்த நண்பரின் வீடு இடிந்து விழுந்து, பலகை 17 துண்டாகிவிட்டது. பொறுக்கியெடுத்து, ஆணி அடித்துச் சேர்த்து, பிளவுகளின்மேல் நிறம் பூசி மறைத்திருக்கிறார்கள். பத்து வருஷம் போல வேலை செய்து 2008-ல்தான் அழுக்கையும் பழைய பூச்சுகளையும் அகற்றி முடித்தார்கள். நேரில் பார்த்தால் ஒரு கீறல்கூடக் கண்ணுக்குப் படாது. கூட்டம் இதற்குள் அடுத்த அறைக்குப் போயிருக்கும். குழந்தை யேசு குருவியின் தலையில் வைத்த விரலைப் பார்த்துவிட்டு ஓடிப் பிடித்துக்கொள்ளலாம்.