காப்புரிமை: சொல் விளக்கம்

ஒருவர் புதிதாகக் கண்டுபிடித்ததை, அவர் இசைவில்லாமல் பிறர் குறிப்பிட்ட காலம்வரை செய்யவோ விற்கவோ கூடாது என்று அரசு தரும் உரிமைதான் பேட்டன்ட். இந்தியாவில் இதன் ஆயுள் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு.

சொல்லின் வேர் ‘பாட்டெரே’ என்ற இலத்தீன் வினை. திறந்திருத்தல் என்று பொருள். இங்கிலாந்து அரசர்கள் இருவகைத் திருமுகம் விடுத்தார்கள். ஒருவருக்கு மட்டும் உரியதை மடித்து முத்திரையிட்டார்கள். ஊரறிய வேண்டியது திறந்தே இருக்கும். முத்திரை அடியில் தொங்கும். பதவி, நிலம், பட்டம் எல்லாம் இந்தத் திறந்த மடலில் வந்தன. வணிகத் தனியுரிமையும் அப்படித்தான். முதலாம் எலிசபெத் காலத்தில் உப்புக்கும் சீட்டுக்கட்டுக்கும்கூட, எதையும் கண்டுபிடிக்காத அரண்மனைச் செல்லப்பிள்ளைகள் தனியுரிமை வாங்கினார்கள். எதிர்ப்பு முற்றி, 1624இல் நாடாளுமன்றம் இவற்றை ஒழித்துச் சட்டம் செய்தது. புதிய கண்டுபிடிப்புக்கு மட்டும் 14 ஆண்டு விட்டுவைத்தது.

தமிழில் ‘காப்புரிமை’ ஊன்றிவிட்டது. ‘ஆக்கவுரிமை’ என்பாரும் உண்டு. காப்பு என்பது பேரத்தின் ஒரு பாதிதான். உரிமை கேட்பவர், துறையறிந்த எவரும் படித்துச் செய்யும் அளவுக்குத் தம் செய்முறையை எழுதிக் கொடுக்க வேண்டும், அது வெளியிடப்படும். காலம் முடிந்தால் யாரும் செய்யலாம். இந்தத் ‘திறப்பு’ தமிழ்ச் சொல்லில் இல்லை. அதற்காகப் புதுச்சொல் புனைவது வீண்வேலை. காப்பிரைட்டுக்கும் காப்புரிமை என்றே போடுகிறார்களே, அதைத்தான் நிறுத்த வேண்டும். அது பதிப்புரிமை.

கூடவே தெரிந்துகொள்ள வேண்டியது ‘கட்டாய உரிமம்’. நீதிபதி என். ராஜகோபால அய்யங்காரின் 1959 அறிக்கையை அடியொற்றி வந்த 1970ஆம் ஆண்டு இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு இது. காப்புரிமை கொடுத்து மூன்றாண்டு கழிந்தும் பொருள் மக்களுக்குப் போதுமான அளவில், கட்டுப்படியாகும் விலையில் கிடைக்காவிட்டால், வேறொருவர் அதைத் தயாரிக்க அனுமதி கேட்கலாம். உரிமையாளர் மறுத்தாலும் அரசு அனுமதிக்கலாம். அவருக்குரிய பங்குத்தொகை போய்ச் சேரும். சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்க்கான பேயர் நிறுவனத்தின் நெக்ஸவார் மாத்திரை ஒரு மாதத்துக்குச் சுமார் 2,80,000 ரூபாய் விற்றது. 2012 மார்ச்சில் நாட்கோ நிறுவனம் கட்டாய உரிமம் பெற்றது: மாதம் 8,880 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது, விற்பனையில் 6 விழுக்காடு பேயருக்கு. மேல்முறையீட்டில் 6 என்பது 7 ஆனது, உரிமம் நின்றது.