கிராண்ட் டச்சஸ்: பெருங்கோமாட்டி

விக்டோரியா மகாராணியின் இரண்டாம் மகள் ஆலிஸ் (1843–1878). அவரைப் பற்றித் தமிழில் எழுதும்போது இடறுவது அவர் பெயரோடு வரும் ‘ஹெஸ்ஸன் கிராண்ட் டச்சஸ்’ என்ற பட்டம்தான். ஹெஸ்ஸன், டார்ம்ஸ்டாட்டைத் தலைநகராகக் கொண்டிருந்த ஒரு ஜெர்மன் நாடு. ‘பெரிய இளவரசி’ என்று எழுதினால் வீட்டின் மூத்த பெண் என்று பொருள்பட்டுவிடும். மூத்தவர் ஆலிஸ் அல்ல, அவருடைய அக்கா விக்டோரியா. ‘மூத்த சீமாட்டி’ என்றால் கணவனை இழந்து, அடுத்த தலைமுறைக்கு இடம்விட்ட அரசி போலத் தோன்றும். ஆலிஸோ கணவர் உயிரோடு இருக்கும்போதே இறந்தவர். ‘ராணி’ என்பதும் பொருந்தாது, ஹெஸ்ஸனை ஆண்டவர்களுக்கு அரசர் என்ற பட்டம் இருந்ததே இல்லை.

டச்சஸ் என்பது டியூக் என்பதன் பெண்பால். இரண்டும் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தவை. மூலம் லத்தீனின் ‘துக்ஸ்’, அதாவது வழிநடத்துபவன், படைத்தலைவன். ஜெர்மானியர் இதற்கு இணையாக வைத்திருக்கும் சொல் ‘ஹெர்ட்ஸோக்’. அதைப் பிரித்தால் படை, நடத்திச் செல்பவன் என்று இரண்டு பகுதிகள் கிடைக்கும். படைத்தலைமை நாளடைவில் நிலத்தின் மீதான ஆட்சியாகி, பிறகு தலைமுறை தலைமுறையாக இறங்கும் பட்டமாயிற்று. ‘கிராண்ட்’ என்ற முன்னொட்டு வயதைக் குறிப்பதல்ல, படிநிலையைக் குறிப்பது: டியூக்குக்கு மேல், அரசனுக்குக் கீழ். 1569இல் போப் ஐந்தாம் பயஸ், மெதிச்சி குடும்பத்துக் கோசிமோவை டஸ்கனியின் கிராண்ட் டியூக் ஆக்கினார். ஹெஸ்ஸன்-டார்ம்ஸ்டாட் இந்தப் படிக்கு ஏறியது 1806இல், நெப்போலியனின் ரைன் கூட்டமைப்பில் சேர்ந்தபோது.

ஆலிஸ் இந்தப் பட்டத்தை எப்போது பெற்றார் என்பதில் எளிதில் தவறு நேரும். ஆஸ்பர்ன் மாளிகையின் உணவறையில் 1862 ஜூலை 1 அன்று அவருக்கும் லுட்விக்குக்கும் திருமணம் நடந்தது. தந்தை ஆல்பர்ட் இறந்து ஏழு மாதம்கூட ஆகாத துக்க வீடு அது. மணமகன் அப்போது ஆளும் கிராண்ட் டியூக்கும் அல்ல, அவருடைய மகனும் அல்ல, தம்பி மகன். ஆண்டுகொண்டிருந்த மூன்றாம் லுட்விக்குக்கு வாரிசாக உரிமையுள்ள பிள்ளைகள் இல்லாததால், வரிசை தம்பி கார்லுக்கும் அவருக்குப் பின் மகனுக்கும் போனது. ஆகவே பதினைந்து ஆண்டுகள் ஆலிஸ் ஹெஸ்ஸன் இளவரசரின் மனைவி மட்டுமே. 1877 மார்ச்சில் மாமனார் கார்ல் இறந்தார்; ஜூன் 13 அன்று மூன்றாம் லுட்விக்கும் இறந்தார். அன்றுதான் ஆலிஸின் கணவர் நான்காம் லுட்விக் ஆனார், ஆலிஸ் கிராண்ட் டச்சஸ் ஆனார். அந்தப் பட்டத்தோடு அவர் வாழ்ந்தது ஒன்றரை ஆண்டு. 1878 நவம்பரில் அரண்மனைக்குள் டிப்தீரியா, அதாவது தொண்டை அடைப்பான் புகுந்தது. நவம்பர் 16 அன்று நான்கு வயதுக் கடைக்குட்டி மேரி போனாள். பிள்ளைகளையும் கணவரையும் பார்த்துக்கொண்ட ஆலிஸ், தந்தை இறந்த அதே டிசம்பர் 14 அன்று 35 வயதில் இறந்தார். டார்ம்ஸ்டாட்டில் அவர் 1867இல் அமைத்த பெண்கள் செவிலியர் சங்கத்தை ‘கிராண்ட் டச்சஸ் ஆலிஸ் தொடங்கியது’ என்று எழுதுவது இதனால்தான் காலப்பிழை. அப்போது அவர் இளவரசி ஆலிஸ்.

தமிழில் டியூக்கைக் ‘கோமகன்’ என்றும் டச்சஸைக் ‘கோமகள்’ என்றும் எழுதும் வழக்கம் இருக்கிறது. கோமகன் ஓரளவு தாங்கும். கோமகள் தாங்காது: கோவின் மகள், அதாவது பிறப்பால் இளவரசி என்றே அதற்குப் பொருள். ஆலிஸ் பிறப்பால் கோமகள்தான், ஆனால் கிராண்ட் டச்சஸ் ஆனது கணவர் வழியாக. இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் வாழ்க்கை வரலாறே குழம்பிவிடும். பெருமான்–பெருமாட்டி, சீமான்–சீமாட்டி என்ற வரிசையில் கோமான்–கோமாட்டி என்று வைத்துக்கொள்வதே சரி. சங்கப் பாட்டில் ‘கொற்கைக் கோமான்’ என்று ஊர்ப்பெயரை முன்வைத்துச் சொல்லும் முறை, டியூக் பட்டங்கள் நிலத்தின் பெயரோடு வரும் முறைக்கு அப்படியே பொருந்துகிறது. எனவே டச்சஸ் கோமாட்டி, கிராண்ட் டச்சஸ் பெருங்கோமாட்டி. ‘ஹெஸ்ஸன் பெருங்கோமாட்டி ஆலிஸ்’ என்றால் நிலம், படிநிலை, கணவர் வழி வந்த உரிமை மூன்றும் தெரிகின்றன. பூதப்பாண்டியன் தேவியின் ‘பெருங்கோப்பெண்டு’ என்ற பழம்பெயர் இன்னும் அழகானது. ஆனால் பெண்டு என்ற சொல்லின் மதிப்பு இன்றைய பேச்சில் இறங்கிவிட்டதால் பட்டமாக எழுதத் தயக்கமாக இருக்கிறது.

ஆலிஸின் பெண்கள் விக்டோரியா, எலிசபெத், ஐரீன், அலிக்ஸ் நால்வரும் ஹெஸ்ஸனில் இளவரசிகளே. பெருங்கோமானின் மகள் பெருங்கோமாட்டி ஆவதில்லை. ரஷ்யாவில் கதை வேறு. அங்கே ஆங்கிலத்தில் கிராண்ட் டச்சஸ் என்று எழுதப்படுவது உண்மையில் ‘வெலிக்கயா க்னியாகீன்யா’. க்னியாஸ் என்றால் இளவரசன், குறுநில மன்னன், டியூக் அல்ல. அதோடு அது நிலத்தை ஆளும் பட்டமும் அல்ல, பேரரசரின் குடும்பத்தில் ஒருவர் என்பதற்கான அடையாளம். 1886 சட்டப்படி பிறப்பால் அது பேரரசரின் மக்களுக்கும் ஆண்வழிப் பேரப்பிள்ளைகளுக்கும் மட்டுமே உரியது; மற்றப் பெண்களுக்கு அது கணவர் வழியாக வரும். மணமானவள் க்னியாகீன்யா, மணமாகாத மகள் க்னியாஷ்னா என்ற பிரிவும் உண்டு. 1884இல் ரஷ்யப் பேரரசரின் தம்பி செர்கேயை மணந்த எலிசபெத் முதல் வகை. அலிக்ஸ் 1894இல் பேரரசர் இரண்டாம் நிக்கோலாஸை மணந்து பேரரசியானார். அவருடைய மகள்கள் ஓல்கா, தாத்தியானா, மரியா, அனஸ்தாசியா இரண்டாம் வகை. ஜெர்மன் மொழி ஹெஸ்ஸன் பட்டத்துக்கு ஒரு சொல்லும் ரஷ்யப் பட்டத்துக்கு வேறு சொல்லும் வைத்திருக்கிறது. ஆங்கிலமும் பிரெஞ்சும்தான் இரண்டையும் கலந்துவிட்டன. அந்தக் கலப்படத்தை நாம் வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. ரஷ்யப் பட்டத்துக்குப் ‘பேரிளவரசி’ என்று எழுதலாம்.

இந்தப் பிரிவு எவ்வளவு தேவை என்பது ஆலிஸின் மருமகள் விக்டோரியா மெலிட்டாவைப் பற்றி எழுதும்போது தெரியும். 1894இல் ஆலிஸின் மகன் எர்ன்ஸ்ட் லுட்விக்கை மணந்து ஹெஸ்ஸனின் கிராண்ட் டச்சஸ் ஆனார். 1901இல் மணமுறிவு. 1905இல் ரஷ்யப் பேரரசர் குடும்பத்துக் கிரில் விளாதிமிரோவிச்சை மணந்தார். நிக்கோலாஸின் ஒப்புதல் இல்லாத திருமணம் என்பதால் பட்டம் உடனே வரவில்லை. 1907இல்தான் மீண்டும் கிராண்ட் டச்சஸ் ஆனார். ஆங்கிலத்தில் படித்தால் பழைய பட்டம் திரும்பக் கிடைத்தது போலிருக்கும். தமிழில் 1894க்குப் ‘பெருங்கோமாட்டி’ என்றும் 1907க்குப் ‘பேரிளவரசி’ என்றும் எழுதினால் அந்தக் குழப்பம் வராது.