கஃப்லிங்க்: சொல்லின் பொருள், தமிழ்ப் பெயர், வெள்ளியில் தேர்ந்தெடுக்கும் முறை

முழுக்கைச் சட்டையின் கை முனையில் பொத்தான் தைக்காமல் காஜா மட்டும் எடுத்து விட்டிருந்தால், அந்தத் திறப்பைச் சேர்த்துப் பிடிப்பதற்கென்று தனியாக மாட்டிக் கழற்றுகிற சின்ன உலோகப் பொருள்தான் கஃப்லிங்க். கைக்கு ஒன்று, எப்போதும் ஜோடியாகத்தான் வரும். சிங்கப்பூரில் நாம் பேசும்போது எல்லாரும் கஃப்லிங்க் என்றுதான் சொல்கிறோம், தேக்காவில் தையற்கடையில் கேட்டாலும் அதே சொல்தான். எழுதும்போதுதான் ஆளுக்கு ஒரு விதம்: கப்லிங்க், கஃப்லிங்ஸ், போதாக்குறைக்குக் 'கப்ளிங்' என்றும் சிலர் போட்டுவிடுகிறார்கள். கப்ளிங் என்பது இரண்டு தண்ணீர்க் குழாய்களைச் சேர்க்கும் சாமான். இணையக் கடைகளில் இயந்திரம் பெயர்த்த 'சுற்றுப்பட்டை இணைப்புகள்' என்ற தொடரும் கண்ணில் படுகிறது. அதைப் படிக்கிற யாருக்கும் இந்தப் பொருள் மனதில் வராது, அதனால்தான் இதற்குச் சரியான தமிழ்ப் பெயர் ஒன்று வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் இது இரண்டு சொற்கள் சேர்ந்தது. 'கஃப்' என்பது 14ஆம் நூற்றாண்டில் கையுறையைக் குறித்தது, அப்புறம்தான் சட்டைக்கையின் முனைக்கு வந்து சேர்ந்தது. 'லிங்க்' என்றால் சங்கிலியின் ஒரு வளையம், நாம் கண்ணி என்கிறோமே அது. சட்டைக்கும் சங்கிலிக்கும் என்ன தொடர்பு என்றால், ஆரம்பத்தில் இது நிஜமாகவே சங்கிலிதான். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆண்கள் சட்டைக்கை முனைகளை ரிப்பனால் முடிந்துகொண்டிருந்தார்கள். அந்த ரிப்பன் இருந்த இடத்துக்கு இரண்டு சின்னப் பொத்தான்களை ஒரு குட்டிச் சங்கிலியால் கோத்த பொருள் வந்தது, அதை அப்போது வெறும் 'கைப் பொத்தான்' என்ற பொருளில்தான் அழைத்தார்கள். 1662இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் போர்ச்சுகல் நாட்டு இளவரசி கேத்தரீனை மணந்ததை ஒட்டியவை என்று கருதப்படும் வெள்ளிப் பொத்தான்கள், இரண்டு இதயங்களும் மேலே ஒரு கிரீடமும் பதித்தவை, இங்கிலாந்தின் வயல்களில் இன்றும் மண்ணிலிருந்து கிடைத்துக்கொண்டிருக்கின்றன. நம்முடைய 'பொத்தான்' என்ற சொல்லும் போர்ச்சுகீசிய 'பொதாவ்' என்பதிலிருந்து வந்ததுதான்.

19ஆம் நூற்றாண்டில் கஞ்சி போட்டு விறைத்த கை முனைகள் வழக்கமாயின, அந்தத் தடிப்பைச் சாதாரணப் பொத்தான் தாங்காது, எனவே இந்தப் பொருள் பரவியது. 1840இல் பர்மிங்காமின் எல்கிங்டன் குடும்பத்தார் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, நிஜ வெள்ளி வாங்க முடியாத குமாஸ்தாக்களுக்கும் வெள்ளி முலாம் பூசிய பொருள்கள் எட்டின.

நம் ஊரில் இதற்கு உறவுக்காரி போன்ற ஒரு நகை இருக்கிறது. மலாய்ப் பழக்கவழக்கங்களோடு கலந்த சீன வம்சாவளியினரான பெரனாக்கான் சமூகப் பெண்களின் கெபாயா என்ற மேற்சட்டைக்கு மரபில் பொத்தான் கிடையாது, கெரோசாங் எனப்படும் மூன்று ஊசிநகைகள், பல சமயம் மெல்லிய சங்கிலியால் கோத்தவை, முன்பக்கத்தைச் சேர்த்துப் பிடிக்கும். அலங்காரமும் அதுவே, பூட்டும் அதுவே. கஃப்லிங்க்கும் அப்படித்தான், கழற்றினால் கை திறந்துகொள்ளும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? முதலில் 'கஃப்' என்பதற்குக் கைப்பட்டி என்பதே போதும். தையற்காரர்கள் காலர்பட்டி, பொத்தான்பட்டி என்று பேசுகிறவர்கள், அவர்களிடம் கைப்பட்டி என்றால் உடனே புரியும். 'லிங்க்' பகுதிதான் சிக்கல். கைக்கண்ணி என்றால் பொறியும் கண்ணிவெடியும் நினைவுக்கு வருகின்றன. கைப்பிணை என்று வைத்தால் நீதிமன்றச் செய்தி மாதிரி இருக்கும், பிணை என்ற சொல்லை இங்கே செய்திகளில் நாம் அந்தப் பொருளில்தான் கேட்டுப் பழகியிருக்கிறோம். மணிக்கட்டுக் கொளுவி தவறில்லை, ஆனால் கைச்சங்கிலியின் கொக்கி என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. கைப்பொத்தான் என்பது தைத்த பொத்தானுக்கும் பொருந்திவிடும்.

எனக்குச் சரியாகப் படுவது 'இணைப்பொத்தான்'. பிரெஞ்சும் ஜெர்மனும் இதைக் கைப்பட்டிப் பொத்தான் என்றே சொல்கின்றன, ஆகவே பொத்தான் என்று வைப்பதில் குறை இல்லை. இணை என்ற சொல்லோ ஜோடியையும் குறிக்கும், சேர்ப்பதையும் குறிக்கும், இந்தப் பொருள் இரண்டுமே. முதல்முறை எழுதும்போது 'கைப்பட்டி இணைப்பொத்தான்' என்று முழுதாகப் போட்டு, பிறகு இணைப்பொத்தான் என்று சுருக்கிக்கொள்ளலாம். தையற்கடையில் போய் இதைச் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை, அங்கே கஃப்லிங்க்தான் வேலைக்கு ஆகும், ஆனால் திருமண அழைப்பிலோ பரிசுப் பெட்டியின் அட்டையிலோ தமிழில் எழுதுகிறவர் தயங்க வேண்டியதில்லை.

இனி தேர்ந்தெடுப்பது. பலர் கடைக் கண்ணாடிப் பெட்டியில் எது பளபளக்கிறது என்று பார்க்கிறார்கள், ஆனால் முதலில் பார்க்க வேண்டியது நம் சட்டையைத்தான். கைப்பட்டி இரட்டையாக மடியுமா, ஒற்றையா? மடிக்கிற இரட்டைக் கைப்பட்டியில் நான்கு காஜா இருக்கும். மடித்து, இரண்டு ஓரங்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் உள்பக்கத்தோடு உள்பக்கம் ஒட்டி நிற்க, நான்கு ஓட்டையும் நேராக வரும்போது வெளிப்பக்கத்திலிருந்து இணைப்பொத்தானின் தண்டுப் பகுதியை நுழைத்து, அதன் பின்முனையிலுள்ள கட்டையைக் குறுக்கே திருப்ப வேண்டும். அலங்கார முகப்பு வெளியே பார்த்து உட்காரும். சில ஒற்றைக் கைப்பட்டிகளில் பொத்தானும் இருக்கும், அதன் பக்கம் காஜாவும் இருக்கும், அவற்றிலும் மாட்டலாம். வெறும் பொத்தான் மட்டும் உள்ள சட்டைக்கு இணைப்பொத்தானே வேண்டாம். பாத்திக் நீள்கைச் சட்டைகள் பெரும்பாலும் இந்த வகைதான், இங்கே பல மாலை நிகழ்ச்சிகளுக்கு அதுவே போதுமான உடுப்பு, நம் வெயிலுக்கும் நல்லது.

பின்பக்கம் பலவிதம். திரும்பும் கட்டை வைத்தது அவசரத்துக்கு ஒரே கையால் மாட்ட வசதி, ஆனால் அதன் அச்சு தளர்ந்துவிட்டால் நடனமாடும்போது கழன்று விழும், வாங்கும்போது அசைத்துப் பாருங்கள், கட்டை கடைசி நிலையில் 'டக்' என்று நிற்க வேண்டும். சங்கிலி வைத்ததுதான் பழைய முறை, இரண்டு பக்கமும் முகப்பு இருப்பதால் எந்தப் பக்கம் திரும்பினாலும் அழகு, மாட்டத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும். என் ஓட்டு சங்கிலிக்கே. மெல்லிய துணிச் சட்டையில் கனமான முகப்பை மாட்டினால் கைப்பட்டி தொங்கிப்போகும், அதையும் கவனியுங்கள்.

இடத்துக்கு வருவோம். ஷென்டன் வே பக்கம் அலுவலகம் என்றால் சின்ன நீள்வட்டமோ தட்டையான பட்டையோ போதும், எழுத்து பொறித்தால் சின்னதாக. மாலையில் ஹோட்டல் விருந்து, கறுப்பு போ-டை என்றால் வெள்ளியில் கறுப்பு மணிக்கல் பதித்தது, ஓனிக்ஸ் என்பார்கள், அதற்கு நிகரில்லை. மாப்பிள்ளையும் தோழர்களும் கோட்டு சூட்டில் வரும் வரவேற்புக்கு வேலைப்பாடுள்ள முகப்பு நன்றாக இருக்கும், ஆர்க்கிட் பூ முகப்பு எனக்குப் பிடித்தம், வாண்டா மிஸ் ஜோக்கிம் 1981இலிருந்து நம் தேசிய மலர் அல்லவா. காலை முகூர்த்தத்துக்கு வேட்டி சட்டையில் வருகிறவர் இதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம் என்பது என் கருத்து: வாழையிலையில் கையால் சாப்பிட உட்கார்ந்ததும் சட்டைக்கையை மடித்துவிடத்தான் போகிறோம். ஜிப்பாவுக்கும் வேண்டாம்.

கைக்கடிகாரம், பெல்ட் பக்கிள், மோதிரம் இவை வெள்ளி நிறத்தில் இருந்தால் வெள்ளி பொருந்தும். தங்க மோதிரத்தைக் கழற்ற வேண்டும் என்றில்லை, கடிகாரம் மட்டும் ஒத்துப்போனால் கண் உறுத்தாது. கோட்டுக் கைக்கு வெளியே சட்டைக்கை ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் உள்ளேயே ஒளிந்திருக்கும்.

விளம்பரத்தில் 'வெள்ளி நிறம்' என்று இருந்தால் அது வெள்ளி அல்ல. ஸ்டெர்லிங் வெள்ளி என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு, ஏனென்றால் தூய வெள்ளி மிகவும் மெத்து, தண்டு வளைந்துபோகும். பின்கட்டையிலோ தண்டிலோ 925 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டனில் முத்திரையிட்ட பழைய பொருள் என்றால் நடக்கும் சிங்கமும், பர்மிங்காம் என்றால் நங்கூரமும் சேர்ந்திருக்கும்.

வெள்ளி கறுப்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால், ஈரம் அதை வேகப்படுத்தும், இங்கே ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். மாட்டிக் கழற்றியதும் வியர்வையைத் துடைத்து, காற்றுப் புகாத சின்ன ஜிப் பையில் போட்டு வையுங்கள். ஜோடி பிரியாமல் இருக்கட்டும் என்று ரப்பர் பேண்ட் மட்டும் சுற்றிவிடாதீர்கள், அதிலும் கந்தகம் இருக்கிறது. வேலைப்பாட்டின் பள்ளங்களில் வேண்டுமென்றே கறுப்பு ஏற்றியிருந்தால் அதை வெள்ளி துலக்கும் கரைசலில் முக்கக் கூடாது, மெத்தென்ற துணியால் மேடான இடங்களை மட்டும் தேய்த்தால் போதும்.