எந்தச் சுவர் என்று முதலில் கேளுங்கள்

கோலாலம்பூரில் மக்களோடு சேர்ந்து சுவரோவியம் வரைவது என் தொழில். அழைப்பவர்கள் என்ன வரையலாம் என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். சுவரைப் பார்க்காமல் நான் அதற்குப் பதில் சொல்வதில்லை. இந்தப் பழக்கம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவும் ஒரு பெண்ணை பிரிக்பீல்ட்ஸில் உணவுக்கடைகள் நிறைந்த ஒரு சந்தில் வரைந்தோம். கையில் "மாதச் சம்பளம் வேண்டும்" என்ற பதாகை. தோட்டப் பாட்டாளிகள் நெடுங்காலம் எழுப்பிய கோரிக்கை அது. மாலையானால் ஆட்கள் அந்த அம்மாவை ஒட்டி நின்று படம் எடுப்பார்கள். அவர்கள் நிற்கும் இடத்தில் பதாகை மறைந்துவிடும். அவர்கள்மேல் தப்பில்லை. சாப்பிட வந்த இடத்தில் அது ஓர் அழகான பின்னணி, அவ்வளவுதான்.

அப்புறம் அதே படத்தை, தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள் குடியிருக்கும் ஒரு பிளாட்டின் கீழ்த்தளத்தில் வரைந்தோம். சாயம் காய்வதற்குள் ஒரு பாட்டி வந்து, "தம்பி, கத்திய இப்படியா பிடிப்பாங்க?" என்று என் கையைப் பிடித்துக் காட்டினார். இன்னொருவர், "சம்பளம் சரி, நம்ம வீடு என்னாச்சு?" என்று கேட்டார். இதெல்லாம் எழுதினால் பிரச்சினை வரும் என்று பயந்தவர்களும் இருந்தார்கள். இரண்டு நாள் மாலை முழுக்க அதே வாக்குவாதம். நான் சம்பளத்தைத்தான் எழுதியிருந்தேன். அந்தச் சுவரில் அவர்கள் வீட்டைப் படித்தார்கள்.

வட அயர்லாந்தின் டெர்ரி நகரில், போலீஸை உள்ளே விடாமல் மக்கள் தடுப்புப் போட்டிருந்த போக்சைட் குடியிருப்புக்குள் நுழையும் இடத்தில், 1969இல் ஒரு வீட்டின் பக்கச் சுவரில் எழுதினார்கள்: "நீங்கள் இப்போது விடுதலை டெர்ரிக்குள் நுழைகிறீர்கள்." நகரின் வேறு மூலையில் எழுதியிருந்தால் அந்த வரிக்குப் பொருளே இல்லை. பின்னாளில் அங்கிருந்த வீடுகளை இடித்தபோதும் அந்தச் சுவரை மட்டும் விட்டுவைத்தார்கள். இன்றும் சாலை நடுவே தனியாக நிற்கிறது.

நம் நாட்டிலும் பார்த்தோம். ஓவியர் எர்னஸ்ட் சக்காரெவிச் 2012இல் பினாங்கில் வரைந்த சைக்கிள் பிள்ளைகளைப் பார்க்க இன்றும் கூட்டம் வருகிறது. அவரே 2013இல் ஜோகூர் பாருவில் ஒரு கட்டட மூலையில் லெகோ பொம்மைப் பெண்ணையும், திருப்பத்துக்கு அந்தப் பக்கம் கத்தியோடு காத்திருக்கும் திருடனையும் வரைந்தார். வழிப்பறியைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்த இடம் அது. மாநகர் மன்றம் அதன்மேல் வெள்ளை அடித்தது.

ஒரு சுவரை ஒப்புக்கொள்ளும் முன் காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் அங்கே போய் நிற்கிறேன். யார் நடந்து போகிறார்கள், யாருடைய ஜன்னல் எதிரே இருக்கிறது, கார் நிறுத்தினால் எவ்வளவு மறையும் என்று பார்க்கிறேன். அதைவிட முக்கியமாக, புகார் வந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்று விசாரிக்கிறேன். வரைந்தவன் கிளம்பிவிடுவான், அங்கே குடியிருப்பவர்களால் அப்படிப் போக முடியாது. அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இப்போது செந்தூலில் ரயில்வே தொழிலாளர்களைப் பற்றி வரையச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் காட்டிய பெரிய சுவர் புதிய அடுக்குமாடி வீடுகளைப் பார்த்து நிற்கிறது. பின்னால் கோயிலுக்குப் போகும் வழியில் இன்னொரு சுவர் இருக்கிறது. சின்னது, ஈரம் வேறு ஊறுகிறது. பழைய ரயில்வே குடும்பங்கள் அந்த வழியாகத்தான் போய்வருகின்றன. அதற்குத்தான் அனுமதி கேட்டிருக்கிறேன்.