ரவுண்டானாவுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

ஒகேனக்கல்லில் நின்றுகொண்டு, நாங்கள் வடிவமைத்த செயலியில் 'அருகிலுள்ள மருந்துக்கடை' என்று தேடிப் பார்த்தேன். வந்த நான்கில் ஒன்று காவிரிக்கு அக்கரையில், கர்நாடகத்தில் இருந்தது. மாத்திரை வாங்கப் பரிசலில் போகச் சொல்கிறது!

தப்பு எங்களுடையதுதான். அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து நேர்க்கோட்டுத் தூரத்தைக் கணக்கிட்டு வரிசைப்படுத்தியிருந்தோம். சமவெளியில் இதன் பிசகு பெரிதாகத் தெரியாது. ஆறும் மலையும் குறுக்கே வந்தால் கதை வேறு. இப்போது நேர்க்கோட்டுத் தூரத்தில் மிக அருகிலுள்ள பத்து இடங்களைப் பொறுக்கி, அந்தப் பத்துக்கு மட்டும் சாலைத் தூரம் கேட்கிறோம். திரையில் கிலோமீட்டரைவிட நிமிடத்தைப் பெரிதாகப் போடுகிறோம். நாற்கரச் சாலையின் பத்து கிலோமீட்டரும் அஞ்செட்டி மலைப்பாதையின் பத்து கிலோமீட்டரும் ஒன்றா என்ன?

சிக்னல் இல்லாவிட்டால் ஜிபிஎஸ்ஸும் வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். அது செயற்கைக்கோளிடமிருந்து நேரடியாக வருவது. இணையம் இல்லாமலும் இடம் தெரியும், முதல் தடவை கொஞ்சம் தாமதமாகலாம், அவ்வளவுதான். வராமல் போவது வரைபடமும் கடைப் பட்டியலும். அதனால் பட்டியலைப் போனிலேயே சேமித்து, எந்தத் தேதியில் எடுத்தது என்பதையும் காட்டுகிறோம்.

நீலப் புள்ளியைச் சுற்றி ஒரு மங்கலான வட்டம் தெரியும், கவனித்திருக்கிறீர்களா? 'இதற்குள் எங்கோ இருக்கிறீர்கள்' என்று அர்த்தம். திறந்தவெளியில் அது சில மீட்டர்தான், பள்ளத்தாக்கில் விரியும். அழகுக்காக இந்த வட்டத்தை மறைப்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அது பொய் சொல்வது.

இன்னொன்று, பயன்படுத்துபவர்களுக்கு: ஆண்ட்ராய்டு 12 முதல் 'தோராயமான இடம்' மட்டும் கொடுக்கும் வசதி இருக்கிறது. வானிலை பார்க்க அதுவே போதும்.

தேடல் பெட்டிதான் எங்களை அதிகம் படுத்தியது. ஒகேனக்கல், ஒகனேக்கல், ஹொகேனக்கல், பென்னாகரம், பெண்ணாகரம். எழுத்து ஒன்று மாறினால் 'முடிவுகள் இல்லை' என்று கையை விரித்தால் யார் மறுபடி திறப்பார்கள்? ஒவ்வொரு ஊர்ப் பெயரின் எல்லா வடிவங்களையும் அந்தந்த ஊரோடு கட்டிப் போட்டோம்.

அப்புறம் கிருஷ்ணகிரியில் ஒரு பாட்டியிடம் போனைக் கொடுத்துப் பார்த்தோம். வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை. நெருக்கமான குறிகளில் விரல் வைத்தால் பக்கத்துக் கடை திறந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, ரவுண்டானாவுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

அந்தப் பதில் எங்கள் திரையில் எங்குமே இல்லை. இப்போது ஒவ்வொரு கடைப் பெயருக்கும் கீழே முதல் வரி அதுதான்.