சிமெண்ட் ஆலமரத்துக்கும் அஸ்திவாரம் வேண்டும்

சாரல் சீசன் தொடங்கிவிட்டால் குற்றாலம், தென்காசி, பாபநாசம் பக்கத்து ரிசார்ட்டுகளில் அறை கிடைப்பது கஷ்டம். அருவியில் குளித்துவிட்டு வரும் பிள்ளைகள் நேராக ஓடுவது அங்கே நிற்கும் மரத்துக்குத்தான். சிமெண்டில் கட்டிய ஆலமரம், விழுதில் ஊஞ்சல், பொந்துக்குள் சறுக்கு, பக்கத்திலேயே லாரியில் கொண்டுவந்து நட்ட பேரீச்சை. செல்ஃபி எடுக்க நல்ல இடம். பராமரிப்பவர் கண்ணுக்கு அது வேறு மாதிரி தெரிய வேண்டும். சிமெண்ட் மரம் ஒரு கட்டடம். நட்ட மரமோ தலைக்கு மேல் நிற்கும் டன் கணக்கான எடை. இரண்டையும் ‘டெக்கரேஷன்’ கணக்கில் எழுதி, ஒன்றைப் பெயிண்டரிடமும் மற்றதைத் தோட்டக்காரரிடமும் ஒப்படைப்பதில்தான் கோளாறு ஆரம்பிக்கிறது.

செயற்கை மரம் கட்டுகிறவர்கள் முன்மாதிரியாகக் காட்டுவது, அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் டிஸ்னி அனிமல் கிங்டம் பூங்காவில் உள்ள ‘ட்ரீ ஆஃப் லைஃப்’ மரத்தை. 1998-ல் திறந்தார்கள். உயரம் 145 அடி, செயற்கை இலைகள் லட்சத்துக்கும் மேல், பட்டையில் செதுக்கிய விலங்குகள் 300-க்கும் அதிகம். இந்தக் கணக்கெல்லாம் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் உள்ளே இருப்பது, கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைக்குப் போடுகிற இரும்புச் சட்டம். புயல் அடிக்கிற ஊரில் மரம் நிற்பது அதன் பலத்தில். நம் ஆட்கள் படத்தைப் பார்த்துப் பட்டையை அப்படியே செய்துவிடுகிறார்கள், சட்டத்தை விட்டுவிடுகிறார்கள்.

‘நம்ம ஊரில் ஏது புயல்?’ என்பார்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்றை நம்பித்தானே இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன? கட்டடங்களுக்குக் காற்றின் விசையைக் கணக்கிட ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரவிதியின் மூன்றாம் பகுதி இருக்கிறது. மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் அது தரும் அடிப்படை வேகம் வினாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் ஏறக்குறைய 93 கிலோ விசை விழும். 6 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள இலைப்பந்தலில் பாதி வெறும் இடைவெளி என்று வைத்துக்கொண்டாலும் 800 கிலோவுக்கு மேல், அதுவும் தரையிலிருந்து 5 மீட்டர் உயரத்தில் பிடித்துத் தள்ளுகிறது. உயிர் மரம் இலையை மடக்கும், கிளையை வளைக்கும், தாங்காவிட்டால் கொப்பை உதறிவிடும். வெல்டிங் போட்ட கிளைக்கு அந்த வித்தை தெரியாது. வாங்கிய விசையை முழுசாக அடியில் உள்ள போல்ட்டுக்குத்தான் அனுப்பும்.

ஆகவே வேலை மண்ணுக்குள்ளிருந்து தொடங்க வேண்டும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்குப் போட்டுத் தரும் அளவில் அஸ்திவாரம், அதில் முதலிலேயே புதைத்த போல்ட், அதன் மேல் தண்டைத் தாங்கும் இரும்புத் தகடான பேஸ் பிளேட், நடுத்தண்டுக்குக் கனத்த பைப். தரை காங்கிரீட்டில் பிற்பாடு துளை போட்டு நட்டு முடுக்கிய மரங்கள்தான் இங்கே அதிகம், முதலில் சாய்வதும் அவையே. தண்டைச் சுற்றிக் கம்பி வளைத்து, இரண்டு மூன்று சுற்றுக் கோழிவலை கட்டி, ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டு பங்கு மணல் சேர்த்த கலவையை வலைக்குள் நன்றாக ஏறும்படி அழுத்திப் பூச வேண்டும். ஒரு மூட்டை சிமெண்டுக்குத் தண்ணீர் 20, 22 லிட்டர் போதும். கொத்தனார் கைக்கு இலகுவாக வருகிறதென்று இன்னும் இரண்டு குடம் ஊற்றினால் பூச்சு காயும்போதே வெடிக்கும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கலவைக்கு ஆகாது. அந்த உப்பு கம்பியை உள்ளிருந்தே அரிக்கும். பட்டை வரி செதுக்குகிற மேல்பூச்சை அது இறுகுவதற்குள் முடித்துவிட்டு, பத்து நாள் ஈரச்சாக்கு போர்த்தி வைக்க வேண்டும். திறப்பு விழாத் தேதி நெருங்கும்போது விட்டுப்போவது எப்போதும் இந்தப் பத்து நாள்தான்.

கெடுகிற இடம் பெரும்பாலும் ஒன்றே: கிளை தண்டோடு சேரும் கவட்டை. மழைத்தண்ணீர் அங்கே தேங்கி, மயிரிழை வெடிப்பு வழியாக உள்ளே இறங்கும். துருப்பிடித்த இரும்பு பருத்து, பூச்சை வெளியே தள்ளும். கவட்டைக்குக் கீழே வெற்றிலை எச்சில் வடிந்ததுபோல ஒரு பழுப்புக் கோடு தெரியும். அதைக் கண்டதும் சுத்தியல் காம்பால் தட்டிப் பாருங்கள். கல்லில் தட்டுவதுபோல் கெட்டியாகக் கேட்டால் பூச்சு பிடித்திருக்கிறது. காலிப் பானையைத் தட்டுவதுபோல் கேட்டால் வலையை விட்டு விலகிவிட்டது, கீழே விழக் காத்திருக்கிறது. உள்ளங்கை அளவுச் சிமெண்ட் சில்லு பத்தடியிலிருந்து பிள்ளையின் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. நம் பக்கத்தில் செய்வது, சீசனுக்கு முன் அந்தக் கோட்டின் மேல் ஒரு கோட் பிரவுன் பெயிண்ட் அடிப்பது! விலகிய பூச்சை உடைத்தெடுத்து, துருவைச் சுரண்டி, கம்பிக்குத் துருத்தடுப்பு பூசி, மறுபடி வலை கட்டிப் பூச வேண்டும். தண்டின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டையும், உள்ளே டார்ச் அடித்துப் பார்க்க ஆள் தலை நுழையும் கதவும் கட்டும்போதே வைத்தால் பாதி வேலை மிச்சம்.

சிமெண்டுக்குப் பதில் போடும் ஃபைபர் பட்டை எடை குறைவு, ஆனால் தீப்பிடிக்கும். பிளாஸ்டிக் இலை வெயில் தாங்கும் ரகமாக இல்லாவிட்டால் சில கோடைகளில் வெளுத்து நொறுங்கும். இந்த இரண்டுக்கும் நடுவே 230 வோல்ட் சீரியல் பல்பைச் சுற்றுவது வம்பை விலை கொடுத்து வாங்குவது. 12 அல்லது 24 வோல்ட் எல்.இ.டி. போதும். மரத்துக்கு வரும் லைனுக்குத் தனியாக மின்கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும், இரும்புச் சட்டத்துக்கு எர்த்தும் கட்டாயம்.

இனி உயிர் மரம். டிஸ்னி பூங்காவிலேயே ஒரு பாடம் இருக்கிறது. டிஸ்னியின் இன்னொரு ஃப்ளோரிடா பூங்காவான மேஜிக் கிங்டத்தில் நிற்கும் ‘லிபர்ட்டி ட்ரீ’ நிஜமான ஓக் மரம். 1971-ல் பூங்கா திறக்கும் முன், ஏறக்குறைய 35 டன் எடையுள்ள அந்த மரத்தை வேறிடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். கயிறு கட்டித் தூக்கினால் பட்டை உரியும் என்று, தண்டில் குறுக்கே துளையிட்டு இரும்புத் தண்டு செருகி அதைப் பிடித்துத் தூக்கினார்கள். பிறகு அந்தத் துளைகளை மரக்கட்டையால் அடைக்க, அந்தக் கட்டை வழியாக நோய் புகுந்தது. அழுகலைச் சுரண்டிச் சிமெண்ட் வைத்து அடைத்து மரத்தைக் காப்பாற்றினார்கள். இன்று மரப்பொந்தில் சிமெண்ட் அடைப்பதை மரவியலார் ஏற்பதில்லை. காற்றில் மரம் அசையும், சிமெண்ட் அசையாது, இடைவெளியில் ஈரம் தங்கும். பொந்தை அப்படியே விட்டு, எத்தனை கனத்துக்கு நல்ல மரம் மிச்சமிருக்கிறது என்று பார்ப்பதே முறை.

நம்மூரில் மரம் பெயர்த்து நடும்போது தோற்பது தூக்குவதில் அல்ல, மண்கட்டியின் அளவில். தண்டின் குறுக்களவைப் போல் எட்டு முதல் பத்து மடங்கு அகலத்துக்கு வேரோடு மண் வர வேண்டும். ஒரு மீட்டர் சுற்றளவுள்ள வேம்பின் குறுக்களவு 32 சென்டிமீட்டர். மண்கட்டி 3 மீட்டர் அகலம் வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்தோடு, அடி கிண்ணம்போல் குறுகினாலும் 9, 10 டன் வரும். ஜே.சி.பி.யில் ஒரே நாளில் தோண்டி, ஒன்றரை மீட்டர் கட்டியோடு எடுத்து வருகிறார்கள். மூன்று டன்னுக்குள் முடிகிறது, வாடகையும் மிச்சம், மரம்தான் மிஞ்சுவதில்லை.

சமவெளியில் நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். புரட்டாசிக் கடைசியில் மரம் புதுக்குழியில் இறங்கியிருக்க வேண்டுமென்றால், வைகாசிக் கடைசியில் பாதிச் சுற்றுக்குப் பள்ளம் வெட்டி வேரைச் சுத்தமாக அறுத்து, மட்கிய எருவும் மண்ணும் நிரப்பித் தண்ணீர் விட வேண்டும். மீதிச் சுற்று ஆடிக் கடைசியில். இடையில் ஆடிக் காற்று இருப்பதால் மூன்று பக்கம் இழுத்துக் கட்டுவது அவசியம். தூக்கும்போது அகலமான பெல்ட்டை மண்கட்டிக்கே போட வேண்டும், தண்டுக்குப் போடக் கூடாது. பழைய இடத்தில் இருந்த ஆழத்துக்கு மேல் ஒரு அங்குலம்கூடப் புதைக்கக் கூடாது. ஆல், அரசு, பூவரசு பொறுத்துப் போகும். புளி, இலுப்பை, வளர்ந்த பனை ஆகியவற்றை இருக்கிற இடத்திலேயே விட்டு, பாதையை வளைத்துப் போடுவது நல்லது.

நட்ட இரண்டாம் மாதம் தளிர் வந்ததும் பாக்கிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். அது தண்டில் சேமித்த சத்தில் வருகிற பொய்த்தளிர். புதுவேர் பிடித்ததா என்பது சித்திரை வெயிலில்தான் தெரியும். நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தால், உயிருள்ள கிளையில் உள்ளே பச்சை இருக்கும். தென்னையும் பேரீச்சையும் நட்டால் குருத்தைக் கவனியுங்கள். தூக்கும்போது பட்ட காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். தண்டில் ஓட்டையும் மென்று துப்பிய நாரும் தெரியும்போது பாதிக் காரியம் முடிந்திருக்கும்.

ஏற்கெனவே நிற்கிற மரத்துக்கு ஆணி வேண்டாம், தண்டை இறுக்கும் வயர் வேண்டாம், அடிவரைக்கும் டைல்ஸ் வேண்டாம். நீச்சல் குளத்தோரத் தென்னையில் 45 நாளுக்கு ஒருமுறை தேங்காயும் காய்ந்த மட்டையும் இறக்க வேண்டும். குற்றாலநாதர் கோயிலின் தலமரம் குறும்பலா. அதற்கென்றே சம்பந்தர் தனிப்பதிகம் பாடிய ஊர் இது. அந்த ஊரில் பிளாஸ்டிக் பலாப்பழம் தொங்கவிட்டால் முதலில் ஏமாறுவது குரங்கு. ஏமாந்த கோபத்தில் பழத்தோடு இலையையும் வயரையும் சேர்த்துப் பிய்க்கும். எனவே வயரைக் குழாய்க்குள் விடுங்கள்.

உயரமான சிமெண்ட் கிளைக்கு அடியில் மலைத்தேனீ கூடு வைக்கும். கீழே நின்று தீப்பந்தம் காட்டி விரட்டுவது ஊர் வழக்கம். ஃபைபர் பட்டையும் பிளாஸ்டிக் இலையும் உள்ள மரத்தில் அதைச் செய்தால் மரமே எரியும். அந்தப் பக்கம் ஆள் போகாமல் கயிறு கட்டி, ஊஞ்சலைக் கழற்றி, விளக்கை அணைத்துவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.